வலி இல்லாத சிறுநீர்க் கிருமி: மலேசியாவின் சுங்கை சிப்புட் கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

தோட்டப்புறக் கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு நாலு மாதம். எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் சிறுநீரில் கிருமி என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். வலியே இல்லாமல் எதற்கு மருந்து? பிள்ளைக்கு ஆகுமா?

பதில்: தயங்காமல் சாப்பிடும்மா. கர்ப்பத்தில் சுரக்கும் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சிறுநீர்க்குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கருப்பையும் அவற்றை அழுத்தும், வலது பக்கம் கூடுதலாக. அதனால் சிறுநீர் தேங்கி, கிருமி பெருகும். பெரும்பாலும் அது நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலைதான். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி அறிகுறியே இல்லாமல் இருக்கும். மருந்து எடுக்காமல் விட்டால், அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடும். குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி எல்லாம் அப்போதுதான் வரும். அந்தக் கிருமியோடு உடம்பு போராடும்போது சுரக்கும் பொருள்கள் கருப்பையையும் சுருங்க வைக்கும். 37 வாரம் முடியுமுன் பிள்ளை பிறப்பது இப்படியும் நடக்கிறது.

செஃபலெக்சின், அமொக்சிசிலின் போன்றவை கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் மருந்துகள். பென்சிலின் ஒவ்வாமையோ, ஜி6பிடி குறையோ (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறை) இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. பாதியில் நிறுத்தாதே. முடிந்ததும் மறுபடி சிறுநீர் சோதிக்கச் சொல்.

கேள்வி: பார்லித் தண்ணீரும் இளநீரும் போதும் என்கிறார் மாமியார்.

பதில்: தாராளமாகக் குடி, நல்லதுதான். கிருமியைக் கொல்ல மாத்திரைதான் வேண்டும்.

கேள்வி: செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன், ஆறு மாதம். கழிப்பறை கிடையாது. அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை.

பதில்: இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. எத்தனை பெண்கள் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன்! தண்ணீரைக் குறைக்காதே, அடக்கவும் செய்யாதே; சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகும். தங்கச்சி, கூச்சப்படாமல் உங்கள் மண்டோரிடம் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) பேசு. கழிப்பறைக்குப் பக்கத்தில் வேறு வேலை கேள். வார்த்தையில் மசியாவிட்டால், கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடு. கர்ப்பிணிக்குக் கழிப்பறை கேட்பது சலுகை இல்லை.

கேள்வி: முதல் பிள்ளை 32 வாரத்தில் பிறந்தது. இப்போது ஐந்து மாதம், மீன் வாடையோடு வெள்ளைப்படுகிறது.

பதில்: அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே, நாளைக்கே போ. பிறப்புறுப்பில் இருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகினால் இந்த வாடை வரும். குறைப்பிரசவத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு, உனக்கு முன்பே ஒருமுறை ஆகியிருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த 32 வாரக் கதையை நீயாகவே எடுத்துச் சொல். சோப்பு, டெட்டால் ஊற்றி உள்ளே கழுவாதே, இருக்கிற நல்லதும் போய்விடும். நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வண்டி கிடைக்காவிட்டால் 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேள்.