சில நகரங்கள் ஏன் உயரமான கட்டடங்களை அனுமதிப்பதில்லை?

நிலம் இந்த விலை விற்கிறபோது மேலே மேலே கட்டிக்கொண்டு போகாமல் சில ஊர்கள் ஏன் இரண்டு மூன்று மாடியோடு நிற்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி ஒரு விதிக்குள்ளேயே வளர்ந்தவன். எங்கள் வீடு மதுரை டவுனுக்குள், தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது.

கீழ்வீடும் ஒரு மாடியும் உள்ள பழைய வீடு. அக்கா கல்யாணக் கடன் அடைந்த கையோடு, மேலே இன்னும் இரண்டு மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். பிளான் போட வந்த இன்ஜினியர் டேப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை. "ஒண்ணு போடலாம் சார். அதுக்கு மேல போனா ஒன்பது மீட்டர் தாண்டிரும்" என்றார். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1990-களிலேயே அரசாணை வந்துவிட்டது. தளத்துக்குப் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் தரைத்தளமும் இரண்டு மாடியும்தான் தேறும்.

அப்பா விடவில்லை. "தெற்குக் கோபுரம் நூத்தி எழுபது அடி. நான் நாப்பது அடி கட்டுனா அது மறைஞ்சா போயிரும்?"

நியாயமான கேள்விதான். எனக்கே ரொம்ப நாள் பதில் தெரியாது. பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது அடி தள்ளியிருக்கும் வீடு என் கண் மட்டத்துக்கு மேல் ஐந்தே அடி எழும்பினால் போதும். முந்நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் கோபுரம் அந்த வீட்டுக்கு மேலே தலைகாட்ட வேண்டுமென்றால் இருநூற்று நாற்பது அடிக்கு மேல் இருக்க வேண்டும். இருப்பதோ நூற்று எழுபது. ஆக, கோபுரத்தை மறைக்க கோபுரத்தளவு கட்டடம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி கூடுதலாகப் போட்டாலே அது காணாமல் போய்விடும்.

சந்தில் நடக்கிறவனுக்கு எப்படியும் கோபுரம் தெரியாது, அது வேறு விஷயம். பத்தடி அகலச் சந்தில் ஒற்றை மாடியே வானத்தை அடைத்துவிடும். என் பார்வையில் இந்த விதி காப்பாற்றுவது மொட்டை மாடிகளைத்தான். எல்லார் வீட்டுத் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் வடகம் காயப்போடப் போகிறவருக்கும் கோபுரம் தெரியும். ஒருவர் மட்டும் எழும்பினால் அவருக்குக் கூடுதலாகத் தெரியும், பின்னால் இருக்கும் பத்துப் பேருக்குப் போய்விடும். அதனால்தான் இதை அவரவர் விருப்பத்துக்கு விட முடிவதில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்திலும் ஏறக்குறைய இதே கதை. அங்கே நாடாளுமன்றக் கட்டடத்தைவிட உயரமாகக் கட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உண்மை அதுவல்ல. 1894-ல் கெய்ரோ என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு 164 அடிக்கு எழும்பியது. சுற்றியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். தீப்பிடித்தால் தீயணைப்பு ஏணி அந்த உயரத்துக்கு எட்டாது என்பது பெரிய பயம். 1899-ல் சட்டம் வந்தது, 1910-ல் அதைத் திருத்தினார்கள். தெருவின் அகலத்தோடு 20 அடியைக் கூட்டினால் என்ன வருமோ அதுதான் பொதுவாக உச்ச உயரம், அதற்கும் மேலே ஒரு வரம்பு உண்டு. தெருவின் அகலத்தை வைத்து உயரத்தை முடிவு செய்த அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கும். வெளிச்சமும் காற்றும் தெருவின் அகலத்தைப் பொறுத்தவைதானே.

பாரிஸில் 1973-ல் 210 மீட்டர் மோம்பர்னாஸ் கோபுரம் வந்த பிறகுதான் ஊரே விழித்துக்கொண்டது, 1977-ல் உயரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். பாலித் தீவில் கடற்கரையோரம் ஒரு பத்து மாடி ஹோட்டல் எழும்பியதைப் பார்த்துவிட்டு 15 மீட்டர், அதாவது ஒரு தென்னை மர உயரம் என்று வரம்பு வைத்தார்கள். கவனித்தீர்களா, எல்லா இடத்திலும் முதலில் ஒருவர் உயரமாகக் கட்டிவிடுகிறார், அப்புறம்தான் விதி வருகிறது.

சென்னையில் காரணம் வேறு. அங்கே எல்லா மாடியையும் சேர்த்து மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் பேச்சு. ரொம்ப காலம் சாதாரணக் கட்டடத்துக்கு அது ஒன்றரை மடங்கு. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி என்றால் 3600 கட்டலாம். 2019-ல் இரண்டு மடங்காக்கினார்கள். தண்ணீர், சாக்கடை, ரோடு எல்லாம் எத்தனை குடும்பத்தைத் தாங்கும் என்பதுதான் அதற்குப் பின்னால் உள்ள கவலை.

இதற்கெல்லாம் விலை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். பாரிஸின் உயரக் கட்டடங்கள் எல்லைக்கு வெளியே லா டிஃபான்ஸில் போய்க் குவிந்தன. எங்கள் டவுனுக்குள் கீழே கடை, மேலே குடோன் என்று ஆகி, குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வெளியே ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார்கள். என் தம்பியும் அப்படித்தான் போனான். அப்பா கடைசியில் போட்ட ஒற்றை மாடி வாடகை, கட்டின கடனுக்கே சரியாக இருந்தது.

அதைவிட எரிச்சல், விதியை மதித்தவர்கள் ஏமாளிகளாவது. எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு லாட்ஜ் வந்தது. பிளானில் என்ன காட்டினார்களோ, எழும்பியது ஐந்து மாடி. எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதில் வரவில்லை. அம்மா தினமும் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு கோபுரத்தின் பக்கம் திரும்பித்தான் கும்பிடுவார். இப்போதும் அதே திசையில்தான் கும்பிடுகிறார். எதிரே லாட்ஜின் ஏசி பெட்டிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன.