அட்டவணையில் இரண்டும் சமம் என்றால் எந்த லேப்டாப்பை எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தேடித் தேடிக் கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஆப்பிளின் 14 அங்குல மேக்புக் ப்ரோ, இன்னொன்று லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன். நினைவகமும் சேமிப்பகமும் இரண்டிலும் ஒரே அளவு. வேகம் இரண்டிலுமே உங்கள் தேவைக்கு மேல். நண்பர்களில் பாதிப் பேர் ஒரு கட்சி, மீதிப் பேர் எதிர்க்கட்சி. உங்களுக்கோ நாள் முழுக்க எழுத்து வேலை, அடிக்கடி பயணம், வாங்கினால் ஐந்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டும்.

திறன்களை ஒப்பிடும் அட்டவணையை இனி மூடி வைத்துவிடுங்கள். இந்த இரண்டு பெயர்கள் வரை உங்களைக் கொண்டுவந்து சேர்த்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் எது ஒத்துவருகிறது, பழுதாகும் நாளில் எது உங்களைக் கைவிடாது என்பதுதான் இப்போது கேள்வி. நானும் எழுத்தில் பிழைப்பவன். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமுமாக ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் திரைக்கு முன்னால்தான் போகிறது. இந்தப் பாடத்தைக் கண் வலியில்தான் கற்றேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓஎல்இடி திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை, கொண்ட ஓர் உயர்தர லேப்டாப்பை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கடையில் பார்த்தபோது அந்தத் திரையின் கறுப்பு என்னை அப்படியே இழுத்துவிட்டது. எழுத்துகள் அச்சுத் தாளில் இருப்பதுபோல் நின்றன. இரண்டு வாரம் கழிந்தது. மாலையானால் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தல், வலது புருவத்துக்கு மேல் ஒரு வலி. கண் மருத்துவர் சோதித்துவிட்டுப் பார்வையில் குறை இல்லை என்றார். தூக்கம் போதவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் இரவு, ஒரு வாக்கியம் பிடிபடாமல் கையிலிருந்த பென்சிலை ஆட்டியபடி யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் திரையில் வெற்றுப் பக்கம் திறந்திருந்தது. வெளிச்சத்தை நன்றாகத் தாழ்த்தி வைத்திருந்தேன். வேகமாக ஆடும் பென்சில் விசிறிபோல் பரவலாக மங்கித் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ தனித்தனியாக ஐந்தாறு பென்சில்கள், கம்பி போட்டதுபோல். மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி ஆட்டிப் பார்த்தேன், விசிறிதான். திரைக்கு முன்னால் ஆட்டினேன், மறுபடியும் கம்பிகள்.

காரணம் இதுதான். விளக்கின் திரியைத் தாழ்த்துவதுபோல் எல்லாத் திரைகளும் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை. சில திரைகள் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் திரை மங்கலாகத் தெரிகிறது. லேப்டாப்பில் வரும் ஓஎல்இடி திரைகள் பலவற்றில் இந்தத் துடிப்பு விநாடிக்கு 240 முறை. கண்ணால் அதைப் பார்க்க முடியாது, ஆனால் சிலருக்குக் கண் சோர்வாகவும் தலைவலியாகவும் அது வெளிப்படும். இரவில் வெளிச்சத்தைத் தாழ்த்தி வேலை செய்வது என் வழக்கம். அப்போதுதான் இருட்டு இடைவெளி நீள்கிறது, உறுத்தலும் கூடுகிறது.

அந்த லேப்டாப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் ஒளிப்படங்களைத் திருத்துபவன். பகலில், வெளிச்சத்தை முழுதாக வைத்து வேலை செய்வான். நிறங்கள் இவ்வளவு துல்லியமாக இதுவரை பார்த்ததில்லை என்கிறான், இன்றுவரை ஒரு வலியும் இல்லை. அதே திரைதான். என் மேஜையில் சித்திரவதையாக இருந்தது அவன் மேஜையில் வரமாக இருக்கிறது. ஒருவர் மதிப்புரையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் இரண்டு லேப்டாப்களுக்கு வருவோம். எக்ஸ்1 கார்பன் ஒரே பெயரில் இருவேறு திரைகளோடு விற்கப்படுகிறது, ஒன்று பின்னாலிருந்து விளக்கு ஒளி தரும் சாதாரண ஐபிஎஸ், இன்னொன்று ஓஎல்இடி. நீங்கள் படிக்கும் மதிப்புரை எந்தத் திரையைப் பற்றியது என்று முதலில் பாருங்கள். 2021 முதல் வரும் 14 அங்குல மேக்புக் ப்ரோவின் மினி எல்இடி திரையும் (பின்னால் மிகச் சிறிய விளக்குகள் பல கொண்டது) துடிப்பு முறையில்தான் மங்குகிறது. ஆனால் அதன் வேகம் விநாடிக்குப் பல ஆயிரம் முறை என்பதால் பலருக்குத் தொல்லை தருவதில்லை. கடைக்கு ஒரு பென்சிலோடு போங்கள். வெளிச்சத்தைக் கால்வாசிக்குத் தாழ்த்தி, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஆட்டிப் பாருங்கள். மிக வேகமான துடிப்பு இதில் அகப்படாது, மெதுவானது கட்டாயம் அகப்படும்.

பிராண்டு விசுவாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நண்பர்களின் சண்டை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆப்பிள் 2015-ல் பட்டாம்பூச்சி விசைப்பலகை என்ற மெல்லிய வடிவமைப்பைக் கொண்டுவந்தது. ஒரு தூசு நுழைந்தால் போதும், விசை ஒட்டிக்கொள்ளும் அல்லது ஒரு எழுத்து இரண்டாக விழும். 2018-ல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019-ல் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய முறைக்கே திரும்பத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2022-ல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2016-ல் வெளித் திரையை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ துளை, எஸ்டி கார்டு துளை, காந்தத்தில் ஒட்டும் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 2021-ல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்ததும் அதே நிறுவனம்தான். திங்க்பேட் 1992-ல் ஐபிஎம் தந்த பெயர், 2005 முதல் லெனோவோவிடம் இருக்கிறது. அந்தப் பெயரில் வந்தவற்றிலும் தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் உண்டு. ஆகவே "நான் எப்போதும் இந்த நிறுவனம்தான்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டு மாதிரியை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். நம்பிக்கை வைப்பதானால் ஒரு குறிப்பிட்ட மாதிரியின் மேல் வையுங்கள்.

ஆனால் விரல்களின் பழக்கத்தை விசுவாசத்தோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள், அது வேறு. திங்க்பேட் விசைப்பலகையின் நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழ் சிலருக்கு அலங்காரம். விசைகளை விட்டுக் கையை எடுக்காமலே சுட்டியை நகர்த்தப் பழகியவருக்கு அது இல்லாத லேப்டாப் கை ஒடிந்ததுபோல் இருக்கும். மேக்கிலிருந்து விண்டோஸுக்கோ, விண்டோஸிலிருந்து மேக்குக்கோ மாறினால் வெட்டவும் ஒட்டவும் கட்டைவிரலா சுண்டுவிரலா என்பதே மாறிவிடும். திங்க்பேடில் பல ஆண்டுகளாக இடது மூலையில் எஃப்என் விசையும் அதற்கு அடுத்துக் கன்ட்ரோல் விசையும் இருந்தன. 2024-ல் வந்த 12-ஆம் தலைமுறை எக்ஸ்1 கார்பனில்தான் இரண்டையும் இடம் மாற்றினார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். ஒரு நாளில் ஆயிரம் முறை அழுத்தும் விசை சின்ன விஷயமாக இருக்க முடியாது.

விசைப்பலகையைச் சோதிக்கக் கடையில் நின்றுகொண்டு இரண்டு வரி தட்டிப் பார்ப்பது வீண். உட்காருங்கள். உங்கள் சொந்த வேலையில் ஒரு பக்கத்தை, உங்கள் மொழியில், உங்கள் வேகத்தில் தட்டச்சு செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா விசைப்பலகையும் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் உலோக விளிம்பு மணிக்கட்டை அறுக்கிறதா என்று தெரியும். எழுதும்போது உள்ளங்கை தொடுபலகையில் பட்டுச் சுட்டி தாவுகிறதா என்று பாருங்கள். எழுதுபவருக்கு அதைவிட எரிச்சலூட்டுவது வேறொன்று இல்லை.

வேகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்க வேண்டியது. லேப்டாப்பின் மூளையான சில்லின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேகம் ஒன்றாக இருக்காது. இன்டெல் 2020-ல் வெளியிட்ட கோர் ஐ7-1165ஜி7 சில்லை 12 வாட்டிலிருந்து 28 வாட் வரை எந்த மின்சக்தி அளவிலும் ஓடவிட லேப்டாப் தயாரிப்பாளருக்கு இடமுண்டு. உடல் மெலிந்தால், விசிறி சிறுத்தால், அதே சில் மூச்சு வாங்கும். மதிப்புரையில் முதல் நிமிட வேகத்தைவிட அரை மணி நேரத்துக்குப் பிந்தைய வேகத்தைத் தேடிப் படியுங்கள். மின்னிணைப்பைப் பிடுங்கிய பின் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். ஆப்பிள் சில்லுகள் பேட்டரியிலும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும். பல விண்டோஸ் லேப்டாப்களில் இணைப்பை எடுத்தவுடன் வேகம் இறங்கும். எழுத்து வேலைக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. விசிறியின் இரைச்சல்தான் உங்களுக்கு முக்கியம். நள்ளிரவில் ஒரு பத்தியை மனதுக்குள் படித்துப் பார்க்கும்போது அது வந்து குறுக்கிடும்.

யாரும் சொல்லாத ஒன்று, மூடி வைத்த பின் நடப்பது. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்களில் பலவும் மூடியதும் முழுதாக உறங்குவதில்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறையில் கைபேசியைப்போல் அரைத் தூக்கத்தில் இருக்கின்றன. ஒழுங்காக நடந்தால் திறந்த கணமே தயாராகிவிடும். ஏதாவது ஒரு மென்பொருளோ, உள்ளிருக்கும் ஒரு பாகத்தை இயக்கும் நிரலோ அதைத் தூங்கவிடாவிட்டால் பைக்குள்ளேயே சூடேறி, நீங்கள் போய்ச் சேரும்போது பேட்டரி காலி. ஒரு முறை ரயிலில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டினேன். முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் இருந்தது. திறந்தால் 9 சதவீதம். ஒப்படைக்க வேண்டிய கோப்பு உள்ளே, மின்னிணைப்பு எங்கே என்று தேடி அலைந்தேன். மேக்புக்கில் இந்தத் தொல்லை குறைவு. பயணம் அதிகம் என்கிற உங்களுக்கு இது சில்லின் வேகத்தைவிடப் பெரிய விஷயம்.

எடையை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள். 14 அங்குல மேக்புக் ப்ரோ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். எக்ஸ்1 கார்பன் தலைமுறைக்கேற்ப ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். அரைக் கிலோ வித்தியாசம் கையில் தூக்கும்போது தெரியாது, மாலையில் தோளில் தெரியும். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள்.

கடைசியாகப் பழுது. ஐந்து ஆண்டு என்றால் அதற்குள் பேட்டரி தளரும், இது உறுதி. மேக்புக்கின் பேட்டரி ஒட்டப்பட்டது, நினைவகமும் சேமிப்பகமும் பின்னால் கூட்ட முடியாதவை. எதிர்காலத்துக்கு வேண்டிய அளவை வாங்கும் அன்றே முடிவுசெய்துவிட வேண்டும். எக்ஸ்1 கார்பனிலும் நினைவகம் உள்ளிருக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டதுதான். ஆனால் சேமிப்பகத்தைத் திருகைக் கழற்றி மாற்றலாம். எந்தத் திருகு எங்கே என்று காட்டும் பராமரிப்புக் கையேட்டையும் லெனோவோ வெளிப்படையாகத் தருகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் நினைவகத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதோடு, நீங்கள் போய்வரும் தூரத்தில் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் எதற்கு இருக்கிறது என்று விசாரியுங்கள். லேப்டாப் இல்லாமல் எத்தனை நாள் இருக்க வேண்டிவரும் என்று அவர்களிடமே நேராகக் கேளுங்கள். எழுதிப் பிழைப்பவருக்கு இரண்டு நாளும் இரண்டு வாரமும் ஒன்றல்ல.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐபிஎஸ் திரை கொண்ட எக்ஸ்1 கார்பனை எடுப்பேன். எடை, விசைப்பலகை, சேமிப்பகத்தை மாற்றும் வசதி என்று மூன்று காரணங்கள். ஒரு நிபந்தனை உண்டு. வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், நீங்கள் வழக்கமாகத் திறந்து வைக்கும் மென்பொருள்கள் எல்லாம் திறந்திருக்க, முழு சார்ஜில் இரவு மூடிப் பைக்குள் வையுங்கள். காலையில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்து, சதவீதம் பெரிதாக இறங்காமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு பாருங்கள், ஒன்று போதாது. மூன்றில் ஒரு நாள் பை சுட்டாலும், இயங்குதளத்தைப் புதுப்பித்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் சுட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு மேக்புக்கை எடுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளிருக்கும் உறைகளையும் அதுவரை கிழிக்காமல் வைத்திருங்கள்.