கல்லறைத் தோட்டத்துப் போர்க்கல்

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவாக ஒரு கருங்கல் பலகை நிற்கிறது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும்தான் உண்டு, பெயர்கள் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு வருடாவருடம் சுண்ணாம்பு அடித்து அடித்து அதுவும் மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? 1918-இல் முடிந்த போருக்கு 1914–1919 என்று பொறித்திருப்பது ஏன்? பெயர்களைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருமங்கலம் வட்டம்

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு பொங்கிக் கரையும்போது வேலை நடப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் கருங்கல்லுக்குள் இருக்கும் இரும்பையும் அது கிளறிவிடும். பிறகு துருநிறக் கறை கிளம்பினால் லேசில் போகாது. கம்பி பிரஷ், கிரைண்டர் இரண்டும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும்.

முதலில் படம் எடுத்து வையுங்கள். இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் ஒளி அடியுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுக்கூட நிழலோடு எழுந்து வரும்.

மறுநாள் காலை, ஈரச் சாக்கை 2 மணி நேரம் கல்லில் போர்த்தி, காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். ஊறிய சுண்ணாம்பை மூங்கில் சிம்பால் சுரண்டி, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவலாம். எழுத்துக் குழிக்குக் கூராகச் சீவிய சிம்பு போதும். குழிக்குள் ஈயம் வார்த்திருந்தால் அதைத் தொடாதீர்கள். பல வருட அடுக்கு ஒரே நாளில் வராது. நாலைந்து முறை பொறுமையாகச் செய்யுங்கள். அடிக்கல் இடுக்கில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளே தங்கி உப்புப் பூக்கும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்த சாந்தே சரி.

சண்டை நின்றது 1918 நவம்பர் 11. வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. அந்த ஆண்டைத்தான் கல்லில் போட்டிருக்கிறார்கள்.

பெயர்களுக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலைத் தேடுங்கள். 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இருந்து நோயால் இறந்தவர்களும் அதில் உண்டு. பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். அன்று மாவட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் ‘மதுரா’. ‘மதுரை’ என்று மட்டும் தேடினால் தவறிவிடும். முத்து என்ற பெயரை Muthu, Muttu, Moothoo என ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கிடைத்த பெயர்களைப் பழைய கல்லில் வெட்டாமல், பக்கத்தில் தனிக்கல்லாக நடுங்கள். அடுத்த திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன், இரண்டுக்கும் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.