டோனர் முறையில் வீட்டிலேயே பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்யும்போது சில தடங்கள் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்) மட்டும் ஒட்டாமல் போவது ஏன்?

பெரும்பாலும் செம்புப் பலகை சுத்தமாக இல்லாததுதான் காரணம். தடங்களின் வரைபடத்தைத் தாளில் அச்சடித்து, அதைச் செம்புப் பலகையில் கவிழ்த்துச் சூடாக்கி ஒட்டவைத்து, மீதிச் செம்பை அரித்தெடுப்பதுதான் டோனர் முறை. லேசர் பிரிண்டரின் டோனர் மை அல்ல, பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டும். அதற்கடியில் இருக்கும் செம்பை ஃபெரிக் குளோரைடு (செம்பை அரிக்கும் ரசாயனம்) அரிக்காது. (இங்க்ஜெட்டில் அச்சடித்தால் வேலைக்கே ஆகாது.) இடையில் ஒரு விரல்ரேகை எண்ணெய் இருந்தாலும் அந்த இடம் பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும் நாரால் பளபளக்கத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். அப்புறம் விரல் படக் கூடாது.

நான் பழைய வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாளில்தான் அச்சடிப்பேன். டோனர் சிக்கன அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். நீராவி இல்லாத அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் வைத்து, மூன்று நான்கு நிமிடம் ஓரங்களையும் சேர்த்து அழுத்துங்கள். ரொம்ப அழுத்தினால் தடங்கள் நசுங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆறியதும் தண்ணீரில் ஊறவைத்துத் தாளை விரலால் தேய்த்து எடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். விட்டுப்போன இடத்தைப் பெர்மனென்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

இன்னொன்று: அடிப்பக்கத் தடங்களைப் பிசிபி வரையும் மென்பொருள் மேலிருந்து பார்ப்பதுபோலத்தான் காட்டும். அதனால் கண்ணாடிப் பிம்பமாக மாற்றாமல் அப்படியே அச்சடிக்க வேண்டும். மேல்பக்கத்துக்குத்தான் திருப்ப வேண்டும். நான் இதில் குழம்பி, ஐசி (சிப்) கால்கள் எல்லாம் இடம்வலமாக மாறிய ஒரு பலகையை வீணாக்கியிருக்கிறேன்.

அரிக்கும்போது பிளாஸ்டிக் தட்டும் கையுறையும் கட்டாயம். மிஞ்சிய கரைசலில் செம்பு கலந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.