கூட்டுத் திட்டத்தில் சேரப் போகிறீர்களா? கையெழுத்து யாருடையது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: வெளிநாட்டு நிறுவனமும் அரசு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கட்டுமானத் திட்டத்தில் மேலாளராகச் சேருகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு திட்டத்தில் சைட் வேலை பார்த்தேன், நிறுவனங்களின் பெயர் வேண்டாம். முதல் வாரமே யார் எவ்வளவு தொகை வரை கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியலை இரண்டு தரப்பிடமும் வாங்குங்கள். ஒரு தரப்பில் இல்லையென்றால், எழுதி வாங்கும் வரை மண்ணைத் தொடாதீர்கள்.

நாங்கள் ஒரு வாய்க்காலுக்குக் குறுக்கே சின்னப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. ஆழியாற்றுத் தண்ணீர் வருவதற்குள் அஸ்திவாரம் முடிய வேண்டும். தோண்டினால் நினைத்ததைவிட ஆழத்துக்குக் கரிசல் மண், இன்னும் தோண்டிக் கல் நிரப்பினால்தான் நிற்கும், ஆனால் அந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் ரேட் இல்லை. வெளிநாட்டு மேலாளர் அன்று மாலையே மெயிலில் சரி சொல்லிவிட்டார். அரசு தரப்பில் ஃபைல் நிதிப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து தலைமை அலுவலகம் போய், திரும்பி வருவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். தோண்டிய குழி மூழ்கிப்போய், அடுத்த முறை தண்ணீர் நிற்கும் வரை காத்திருந்தோம்.

மேலாளருக்குக் கோபம், அரசுப் பொறியாளர் வேலை செய்யவே விரும்பவில்லை என்று நினைத்துவிட்டார். அது தப்பு. அந்த மனுஷன் குழியின் ஓரத்தில் நின்று என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் இப்ப கையெழுத்துப் போட்டுட்டு ரிட்டயர் ஆயிருவேன். அப்புறம் ஆடிட் பாரா வந்தா பென்ஷன்லதான் கை வைப்பாங்க." ஆடிட் பாரா என்றால் தணிக்கை அறிக்கையில் வரும் ஆட்சேபம். இந்தப் பயம் நியாயமானது. இதைப் புரிந்துகொள்ளாத வெளிநாட்டு மேலாளர் எத்தனை திறமைசாலியானாலும் வேலையை நகர்த்த முடியாது.

பங்கு விகிதத்தையும் பாருங்கள். அரசு நிறுவனத்திடம் பாதிக்கு மேல் பங்கு இருந்தால் 2013 கம்பெனிகள் சட்டப்படி கூட்டு நிறுவனமும் அரசு நிறுவனம்தான், சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கை கூடவே வரும். எரிவாயு இறக்குமதி செய்யும் பெட்ரோநெட் எல்என்ஜி தொடங்கியபோது அரசு நிறுவனங்களான கெயில், ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் நான்கும் ஆளுக்கு 12.5 சதவீதம் எடுத்து, பாதியைத் தாண்டாமல் சரியாகப் பாதியில் நின்றன, பிரான்ஸின் எரிவாயு நிறுவனமான ஜிடிஎஃப் 10 சதவீதம் வைத்திருந்தது.

அதே பெட்ரோநெட்டின் கொச்சி முனையம் இன்னொன்றையும் காட்டுகிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் எரிவாயுவைக் கையாளும் முனையம் 2013இல் தயார். ஆனால் அங்கிருந்து மங்களூருவுக்குக் குழாய் போட வேண்டியது கெயில். நிலப் பிரச்சினை, போராட்டம் எல்லாம் தாண்டி அது திறந்தது 2021 ஜனவரியில்தான். அத்தனை வருஷம் முனையத்தின் பெரும்பகுதி சும்மா கிடந்தது. உங்கள் ஒப்பந்தத்துக்கு வெளியே யாரை நம்பியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், அந்த வேலை எப்போது முடியும் என்று அவர்களிடமே நேரில் போய்க் கேளுங்கள்.

பாலத்துக்கு அடுத்த வேலையில் நாங்கள் இரண்டு காரியம் மாற்றினோம். கூடுதல் மண்வேலை, கல் நிரப்புதல் போன்றவற்றுக்கு முன்கூட்டியே ரேட் பேசி இரு தரப்பிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டோம். சைட்டில் எதிர்பாராமல் ஏதாவது கிளம்பினால் அன்று மாலையே அளவும் போட்டோவும் வைத்துக் கூட்டுக் குறிப்பு எழுதி, இரண்டு பொறியாளர்களும் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பென்ஷன் பற்றிச் சொன்ன அதே பொறியாளர்தான் முதல் குறிப்பைத் தன் கையால் எழுதினார்.