விடாத இருமல்: வேலைக்குப் போகிறவர்களின் கேள்விகளுக்கு நெஞ்சக நோய் மருத்துவரின் பதில்கள்

இருமலைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் ஆறை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் சளியின் நிறத்தை விரிவாக வர்ணித்திருக்கிறார்கள். ஆனால் இருமல் எந்தக் கிழமையில் கூடுகிறது, எந்த இடத்தில் இருந்தால் அடங்குகிறது என்று எழுதியவர்கள் இருவர்தான். நோயைக் கண்டுபிடிக்க எனக்கு அதிகம் உதவுவது அந்த இருவரின் தகவல்தான்.

கேள்வி: சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன், வயது 29. சளிக்காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் இருமல் நிற்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மூன்று நாள் சாப்பிட்டும் பயனில்லை. வேறு மாத்திரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூன்று வாரத்துக்கு உட்பட்ட இருமலைக் குறுகிய கால இருமல் என்றும், மூன்று முதல் எட்டு வாரம் வரை நீடிப்பதை இடைக்கால இருமல் என்றும், எட்டு வாரத்தைத் தாண்டியதை நாள்பட்ட இருமல் என்றும் பிரிக்கிறோம். சாதாரண வைரஸ் சளிக்குப் பின் வரும் இருமல் ஒரு வாரத்தில் போய்விடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்; உண்மையில் அது சராசரியாக 18 நாட்கள் இருக்கும். ஆகவே உங்கள் இருமல் இன்னும் அதன் இயல்பான தவணைக்குள்தான் இருக்கிறது. வைரஸின் மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பது மட்டுமே அதைத் தொடங்கக் காரணமும் ஆகாது.

வீட்டில் பள்ளி செல்லும் சிறு குழந்தைகள் இருப்பது, நெரிசலான பேருந்திலும் மின்சார ரயிலிலும் போய்வருவது, காற்று மாறாத ஏ.சி. அறையில் பலர் நெருங்கி உட்காருவது, புகைப்பது, ஏற்கெனவே மூக்கு ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருப்பது ஆகியவை இத்தகைய இருமல் அடிக்கடி வருவதற்கும் இழுத்துக்கொண்டு போவதற்கும் வழி செய்கின்றன. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், விட்டுத் திரும்பவும் வரும் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. விடுமுறை முடிந்து போகும் முதல் நாள் நெஞ்சைப் பிடித்து இறுக்குவது போலிருக்கிறது, இருமல் வருகிறது. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடுகிறது. மனசுக்கு வேலைக்குப் போகப் பிடிக்காததால் வருகிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

கேலி செய்கிறவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பது பஞ்சுத்தூசி நோயின், அதாவது பிசினோசிஸின், அப்பட்டமான தொடக்க அடையாளம். பஞ்சோடு கலந்து வரும் இலைத்துகளிலும் காய்த்தோலிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. தொடர்ந்து தூசியில் இருக்கும்போது உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. ஒரு நாள் விலகியிருந்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பழக்கம் கலைந்து முதல் ஷிஃப்டிலேயே நெஞ்சு இறுகுகிறது. மருத்துவ நூல்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்று சொன்னாலும் உங்கள் ஆலையின் வார விடுமுறை செவ்வாய் என்றால் அது புதன்கிழமைதான் வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல முதல் நாள் மட்டும் இருந்தது வாரம் முழுவதும் பரவி, பிறகு விடுமுறையிலும் விடாத இளைப்பாக மாறக்கூடும். அந்தக் கட்டத்தில் நுரையீரல் இழந்ததைத் திரும்பப் பெறுவது கடினம்.

பயிற்சிக் காலத்தில் இதே போன்ற ஒருவருக்கு ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் கொடுத்து அனுப்பினேன். மில்லில் வேலை என்று அவர் சொல்லியிருந்தார். எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவருடைய காதுமடலின் பின்புறம் படிந்திருந்த பஞ்சிழையைப் பார்த்துத்தான் கேட்டேன். மூட்டை பிரித்துக் கொட்டும் ப்ளோ ரூம் என்றார். ப்ளோ ரூமிலும், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங்கிலும் பறக்கும் தூசி மிக அதிகம். நூல் சுற்றும் பிரிவிலும் பின்னலாடைத் தையலிலும் அது வெகுவாகக் குறைவு. ஆகவே பிரிவு மாற்றம் கேட்பது சலுகை கேட்பதாகாது, அது சிகிச்சையின் ஒரு பகுதி.

விடுமுறை முடிந்த முதல் நாளில் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி, அதாவது கருவியில் ஊதி மூச்சை அளக்கும் பரிசோதனை, எடுத்தால் மூச்சின் வேகம் குறைவது தாளிலேயே தெரியும். காற்றுக் குழாயால் ஊதி இயந்திரத்தைச் சுத்தம் செய்வதைத் தவிர்த்து, உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முகத்தில் கட்டும் துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசம் தடுக்கும். புகைப்பவரானால் புகையும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே பிசினோசிஸைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் சேர்த்திருந்தது. உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், மருத்துவர் எழுதும் சீட்டில் உங்கள் பிரிவும் பணியாண்டுகளும் இடம்பெறுகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 46, சர்க்கரை இருக்கிறது. மூன்று வாரமாக இருமல். சாலைத் தூசி என்று விட்டுவிட்டேன். எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தூசியாகவும் இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதே விதி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்; எடைக் குறைவு வேறு சேர்ந்திருக்கிறது. நாளைக் காலையே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மரபணு முறையிலான பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். உமிழ்நீரைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைகிறவர்கள் உண்டு. ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வரும் சளிதான் வேண்டும். கூடவே மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோய் உறுதியானாலும் வேலை போய்விடும் என்று மறைக்க வேண்டியதில்லை. நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று 1956-இல் தொடங்கிய சென்னையின் காசநோய் ஆய்வு மையம்தான் உலகுக்கு நிரூபித்தது. மருந்தை இடையில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

கேள்வி: வங்கி ஊழியர், வயது 52. நான்கு மாதமாக வறட்டு இருமல். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. கவுன்டரில் உட்கார முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் எழுதியிருக்கிறது. எனாலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" என முடியும் இந்த வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேருக்கு வறட்டு இருமல் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாத்திரை தொடங்கிய வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார். மாற்றிய பிறகு பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் இருமல் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும்.

கேள்வி: அப்பா மதுரையில் பரோட்டா மாஸ்டர், இருபது ஆண்டு அனுபவம். இரண்டு ஆண்டாக இருமல். மாலையில் கடையில் தும்மலும் இருமலும். நள்ளிரவு வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்ததும் மறுபடி இருமல். பீடி பிடிப்பதில்லை.

மகனாக நீங்கள் நேரத்தைக் கவனித்து எழுதியது மிக உதவியாக இருக்கிறது, ஏனென்றால் இங்கே இரண்டு இருமல்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். மாலை இருமலுக்கு மைதா தூசியைச் சந்தேகிக்கிறேன். மாவுத்தூசி ரொட்டிக்கடைக்காரர்களுக்கும் மாவு மில்காரர்களுக்கும் ஆஸ்துமாவை உண்டாக்குவது நெடுநாளாக அறியப்பட்டது. பல ஆண்டு தொந்தரவில்லாமல் மாவில் புழங்கியவருக்குக்கூட ஒரு கட்டத்தில் ஒவ்வாமை மூளும், முதலில் தும்மலும் மூக்கொழுகலும், பிறகே இருமலும் இளைப்பும் வரும். மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து அண்டாவில் கொட்டும் அந்த அரை நிமிடத்தில்தான் தூசி அதிகம் கிளம்புகிறது. தாழ்வாக வைத்து மெதுவாகச் சரித்தாலே நிறையக் குறையும். தோசைக்கல்லின் எண்ணெய்ப் புகை வேறு எரிச்சலைக் கூட்டும், ஆகவே புகைபோக்கியும் வேண்டும்.

நள்ளிரவு இருமலுக்கு இரைப்பை அமிலம் மேலேறி வருவது காரணமாக இருக்கலாம். கடையிலேயே ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள்; கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும் பயன் தரும். படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா என்றும் பாருங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. பீடி பிடிக்காதவர் அந்தப் புகையில் படுக்க வேண்டாம், கொசுவலை போதும். இவற்றோடு, இரண்டு ஆண்டு இருமல் என்பதால் ஸ்பைரோமெட்ரியும் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியவை.

கேள்வி: பதினைந்து ஆண்டு சிகரெட் பழக்கத்தை மூன்று வாரம் முன்பு விட்டேன். விட்ட பிறகுதான் இருமல் அதிகமாகியிருக்கிறது. மறுபடி தொடங்கினால் நிற்குமோ என்று தோன்றுகிறது.

மூச்சுக்குழாயின் உட்புறம் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உண்டு. புகை அவற்றை இத்தனை நாள் முடக்கி வைத்திருந்தது. இப்போது அவை உயிர்பெற்றுத் தேங்கிக் கிடந்ததை வெளியே தள்ளுகின்றன. சில வாரத்தில் இது தணியும், தயவுசெய்து மறுபடி பற்றவைக்காதீர்கள். ஆனால் உங்களைப் போன்றவர்களிடம் ஒன்றைக் கூடுதலாகச் சொல்வேன்: பழைய இருமலின் சத்தமோ தன்மையோ மாறினாலும், குரல் கம்மினாலும், சளியில் ஒரு கீற்று இரத்தம் தெரிந்தாலும் அதை விட்டதன் விளைவு என்று நீங்களே முடிவு கட்டாமல் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் மடிக்காமல் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.