பழங்காலக் கிரேக்க வெண்கலப் பாத்திரங்களில் நேரில் பார்க்கத்தக்கது எது? அவ்வளவு பெரிய பாத்திரம் அவர்களுக்கு எதற்கு?

பாரிசுக்குச் சுற்றுலா வரப்போகிறீர்கள், லூவரோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு நாளை ஒதுக்கி, பர்கண்டிப் பக்கம் ஷாத்தியோன்-சூர்-சேன் என்ற சிற்றூருக்குப் போய் விக்ஸ் கிராத்தரைப் பாருங்கள். கிராத்தர் என்பது மது கலக்கும் பெரிய பாத்திரம். உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ. 1,100 லிட்டர் பிடிக்கும். கிரேக்கர் செய்து இன்று மிஞ்சியிருக்கும் உலோகப் பாத்திரங்களில் இதுவே பெரியது.

எதற்கு என்கிறீர்கள். கிரேக்கர்கள் திராட்சை மதுவை அப்படியே குடிப்பதில்லை. விருந்தில் கிராத்தரில் தண்ணீர் கலந்து, அதிலிருந்து மொண்டு கோப்பைகளில் ஊற்றுவார்கள். ஸ்பார்ட்டா அரசன் கிளியோமினிஸுக்குப் பித்துப் பிடித்ததே ஸ்கித்தியர் என்ற நாடோடி மக்களோடு பழகிக் கலக்காத மதுவைக் குடித்ததால்தான் என்று அவன் ஊர்க்காரர்கள் நம்பியதாகப் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆனாலும் 1,100 லிட்டர் எந்த விருந்துக்கும் மிகை. இது புழங்குவதற்கல்ல, கொடுத்து அசத்துவதற்குச் செய்தது என்பது என் எண்ணம்.

நான் தொல்லியல் படித்தவன் அல்ல. பின்னூட்டத்தில் அதைக் கேட்க வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தகட்டு வேலை செய்பவன். என் மைத்துனரை அங்கே அழைத்துப் போனபோது, "அச்சில் ஊற்றி வார்த்ததுதானே அத்தான், இதில் என்ன இருக்கிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவரை நகர விடாமல் நிறுத்தி விளக்கினேன். கைப்பிடிகள் வார்ப்பு, ஒவ்வொன்றும் 46 கிலோ, பாம்புகளோடு பல்லிளிக்கும் கோர்கன் என்ற கிரேக்கப் புராண அரக்கியின் உருவம். ஆனால் வயிற்றுப் பகுதி ஒரே வெண்கலத் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து எழுப்பியது. தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். வெண்கலம் அடிக்க அடிக்க இறுகும். அவ்வப்போது காய்ச்சி இளக்காவிட்டால் விரிசல் விடும். அந்த அளவுள்ள பாத்திரத்தை ஒரே சீராகக் காய்ச்சுவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. கழுத்தைச் சுற்றித் தேர்களும் வீரர்களும் வரிசையாகப் போகிறார்கள். அவை தனித்தனியாக வார்த்துப் பொருத்தியவை. எது எந்த இடத்துக்கு என்று தெரிய எழுத்துக் குறிகள் இட்டிருக்கிறார்கள். பிரித்து அனுப்பி, வந்த இடத்தில் பூட்டியிருக்கலாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மைத்துனர் பக்கத்தில் இருந்த தங்கக் கழுத்தணியைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

   

கழுத்தணியும் லேசுப்பட்டதல்ல, 480 கிராம். பாத்திரமும் அதுவும் ஒரே கல்லறையில் கிடைத்தவை. 1953 ஜனவரியில் தொல்லியலாளர் ரெனே ஜோஃப்ருவா குழுவினர் பக்கத்து விக்ஸ் கிராமத்தில் தோண்டியபோது, கழற்றி வைத்த வண்டியோடு ஒரு பெண்ணின் எலும்புகள் இருந்தன. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கெல்ட்டியர் என்ற பழங்கால ஐரோப்பிய இனத்துச் சீமாட்டி. கல்லறைமேல் எழுப்பிய மண்மேட்டின் பாரத்தில் கிராத்தர் நசுங்கிக் கிடந்ததைப் பிறகு சீர்செய்தார்கள். அருகிலிருந்த லஸ்ஸுவா குன்று சேன் ஆற்று வழிக்குக் காவல் போன்றது. வடக்கிலிருந்து வெள்ளீயம் தெற்கே போன பாதை அது. வணிகத்துக்கு வழி விட வேண்டி உள்ளூர்த் தலைமைக்குத் தந்த பரிசாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

செய்தது ஸ்பார்ட்டாப் பட்டறையா, தென் இத்தாலியில் குடியேறிய கிரேக்கரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஸ்பார்ட்டாக்காரர்கள் குரோசஸ் மன்னனுக்கு 300 ஆம்போரா (மது வைக்கும் பெரிய சாடி) கொள்ளளவில் ஒரு வெண்கலக் கிராத்தர் செய்து அனுப்பியதாகவும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அதைச் சாமோஸ் தீவினர் வழிப்பறி செய்தார்கள் என்பது ஸ்பார்ட்டா கட்சி. கொண்டுவந்தவர்களே விற்றுவிட்டார்கள் என்பது சாமோஸ் கட்சி. விக்ஸைப் பார்க்கும்வரை அந்த 300 ஆம்போராவை நான் வெறும் கதையளப்பு என்றே எண்ணியிருந்தேன்.